பெங்களூரில் இருந்து கயாக்கும் ஸ்நார்கெலிங்கும்: நேத்ராணியா, உடுப்பியா, வடகடலா?

பெங்களூரில் இருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும், கடலில் கால் நனைக்க முந்நூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் போக வேண்டும். அதனால் இங்கே "ஒருநாள் கடல் பயணம்" என்று சொன்னால், முன்னால் ஒரு ராத்திரிப் பயணம், பின்னால் ஒரு ராத்திரிப் பயணம், நடுவில் ஒரு பகல் என்றுதான் பொருள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் கிளம்பி, சனிக்கிழமை கடலில் இருந்துவிட்டு, ஞாயிறு காலை வீட்டுக்கு வந்து துணி துவைக்கிற கணக்கு. ஒயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் இருக்கிற நம் ஆட்கள் பலர் இப்படித்தான் போய் வருகிறார்கள்.

அவர்களில் நிறையப் பேர் கேட்பது ஒன்றுதான். துடுப்புப் போட்டுக் கயாக் ஓட்டவும் வேண்டும், மாஸ்க் மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் மீனும் பார்க்க வேண்டும், கூடவே பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள ஒரு வழிகாட்டி இருக்க வேண்டும். எங்கே போவது? கேட்டவுடன் பலரும் கோவா என்று சொல்லிவிடுகிறார்கள். கிராண்ட் தீவுக்குப் படகில் கூட்டத்தோடு போய், பாட்டுச் சத்தத்துக்கு நடுவில் கொஞ்ச நேரம் தண்ணீரில் இறங்கி ஏறுவது கடலைப் பார்ப்பது ஆகாது என்பது என் கருத்து. பெங்களூர்க்காரருக்கு அதைவிட நல்ல இடங்கள் மூன்று இருக்கின்றன: முருடேஸ்வருக்கு எதிரே உள்ள நேத்ராணித் தீவு, உடுப்பியைச் சுற்றியுள்ள ஆற்று முகத்துவாரங்கள், ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்தை ஒட்டிய வடகடல், அதாவது பாக் விரிகுடா.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கயாக்கும் ஸ்நார்கெலிங்கும் ஒரே நாளில், ஒரே கரையில் வேண்டும் என்றால் வடகடல்தான். மூன்றில் தூரம் அதிகமான இடமும் அதுதான். அந்தத் தூரத்துக்கு அது தகுமா என்பது நீங்கள் எந்த மாதத்தில், யாரைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

மாதம் பார்த்துக் கரை

மேற்குக் கரையை விட முடியாத மாதங்கள் உண்டு, தொடவே கூடாத மாதங்களும் உண்டு. தென்மேற்குப் பருவமழை நடக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை கர்நாடகக் கரையில் சுற்றுலாப் படகுகள் கடலுக்குள் போகாது. நேத்ராணியும் கிடையாது, மல்பேயில் இருந்து செயின்ட் மேரீஸ் தீவும் கிடையாது. அக்டோபரில் மறுபடி தொடங்கினாலும் மழை கலக்கிவிட்ட தண்ணீர் தெளிய நாளாகும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் நேத்ராணியின் நல்ல காலம். மார்ச்சுக்குப் பிறகு பிற்பகல் காற்று கூடிக்கொண்டே போகும்.

கிழக்கே கணக்கு வேறு. பாம்பன் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. அங்குள்ள மீனவர்களுக்கு இவை வடகடல், தென்கடல். கச்சான் காற்று தென்மேற்கில் இருந்து வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும். நிலம் மறைப்பதால் வடகடல் அமைதியாகக் கிடக்கும். வாடைக்காற்று வந்ததும் நிலைமை தலைகீழ். அக்டோபர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதில் இருந்து ஜனவரி வரை வடகடல் கலங்கிப்போய் அலையடிக்கும். அப்போது தென்கடல்தான் அமைதி, ஆனால் அங்கே நினைத்த இடத்தில் இறங்க முடியாது. தூத்துக்குடிக்கும் மண்டபத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பை 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்துவிட்டார்கள். வனத்துறை அனுமதிக்கும் இடத்துக்கு, வனத்துறை அனுமதிக்கும் படகில்தான் போகலாம்.

ஆக, நவம்பர் கடைசியில் இருந்து பிப்ரவரிக்குள் போகிறீர்கள் என்றால் மேற்கே போங்கள். பிப்ரவரி முடிந்து மே வரை என்றால் கிழக்கே போங்கள். மார்ச், ஏப்ரல் காலை வேளைகளில் வடகடல் அலையே இல்லாமல் கிடக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வடகடலைத் தவிர வேறு வழியில்லை. அப்போதும் போகலாம், ஆனால் ஒரு ஆபத்து இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நேத்ராணி: மீன் பார்க்க

முருடேஸ்வர் கரையில் இருந்து நேத்ராணி ஏறக்குறைய 19 கிலோமீட்டர். படகில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தீவில் இறங்க அனுமதி இல்லை. கடற்படை ஆயுதப் பயிற்சிக்குப் பயன்படுத்திய தீவு அது. பாறை செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குவதாலும், ஆறுகள் கொண்டு வரும் சேறு அவ்வளவு தூரம் எட்டாததாலும் தண்ணீர் தெளிவாக இருக்கும். நல்ல நாளில் பத்து மீட்டருக்குக் கீழே இருப்பதையும் மேலே மிதந்தபடியே பார்க்கலாம். கிளிமீன், வண்ணத்துப்பூச்சி மீன், கூட்டமாகத் திரும்பும் சீலா எல்லாம் பாறையை ஒட்டியே இருக்கும். பெங்களூரில் இருந்து ஓர் இரவுப் பயணத்தில் எட்டக்கூடிய இடங்களில் மீன் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அங்கே போகும் படகுகள் எல்லாம் ஸ்கூபாவை நம்பி ஓடுகிறவை. கட்டணத்தில் பெரிய பங்கு டீசலுக்குப் போகிறது. ஸ்கூபாக்காரர்கள் நிரம்பினால்தான் படகே கிளம்பும். ஸ்நார்கெலிங் அதில் ஒட்டிக்கொண்டு வருகிற ஒன்று. நங்கூரம் போட்ட படகில், ஸ்கூபா போகிறவர்கள் ஒவ்வொருவராக இறங்கி ஏறி முடிக்கும்வரை நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். உங்கள் முறை வந்ததும் லைஃப் ஜாக்கெட் போட்டு, கயிற்றையோ வளையத்தையோ பிடித்துக்கொண்டு, படகை ஒட்டியே மிதப்பீர்கள். பார்ப்பது அற்புதமாக இருக்கும். பார்க்கிற நேரம்தான் நீங்கள் நினைத்ததில் பாதி. முன்பதிவு செய்யும்போது "தண்ணீருக்குள் எத்தனை நிமிடம்?" என்று கேட்டுவிடுங்கள். மொத்தப் பயண நேரத்தைச் சொல்லி மழுப்பினால் வேறு ஆளைப் பார்ப்பது நல்லது.

குமட்டலும் ஒரு பெரிய விஷயம். ஓடுகிற படகில் வராத வாந்தி, நின்று ஆடுகிற படகில் வந்துவிடும். மலைப்பாதை வளைவுகளில் இரவெல்லாம் தூங்காமல் வந்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம் வரும். மருத்துவரிடம் கேட்டு, குமட்டலுக்கான மாத்திரையைப் படகு ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். படகில் ஏறியபின் போட்டால் பயனில்லை. காலையில் இரண்டு இட்லி போதும். வெறும் வயிற்றோடு போகிறவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். செல்போனைப் பார்க்காமல் அடிவானத்தைப் பார்த்துக்கொண்டு, படகின் நடுவில் உட்காருங்கள்.

போகிற வழியில் பேருந்தை விட ரயில் நல்லது. பஞ்சகங்கா எக்ஸ்பிரஸ் மாலையில் பெங்களூரை விட்டு, விடியலுக்கு முன்னும் பின்னுமாக உடுப்பியையும் பட்கலையும் தொடும். பட்கலில் இருந்து முருடேஸ்வர் பக்கம்தான். படுத்துத் தூங்கி எழுந்து படகுக்குப் போனால் வயிறு பாதி சொன்னபடி கேட்கும்.

கயாக்? நேத்ராணிக்குக் கயாக்கில் போகிற பேச்சே வேண்டாம். 19 கிலோமீட்டர் திறந்த கடல் அது. முருடேஸ்வர் கடற்கரையிலும் அலை, இழுவை இரண்டும் உண்டு. 2024 டிசம்பரில் கோலார் மாவட்டத்தில் இருந்து சுற்றுலா வந்த நான்கு பள்ளி மாணவிகள் அந்தக் கரையில்தான் மூழ்கி இறந்தார்கள். லைஃப் ஜாக்கெட்டோடு, ஆள் துணையோடு நடுக்கடலில் மிதப்பதைவிட, துணையில்லாமல் கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் விளையாடுவதுதான் ஆபத்து. படகு திரும்பியதும் "சும்மா ஒரு குளியல்" என்று பிள்ளைகள் ஓடுவார்கள், விடாதீர்கள். துடுப்புப் போட ஆசை இருந்தால் ஹொன்னாவர் பக்கத்தில் ஷராவதி ஆற்றின் கண்டல் (அலையாத்தி) காட்டுக்குள் போகலாம். அது மறுநாள் வேலை.

உடுப்பி: துடுப்புப் போட

கயாக் மட்டும் போதும் என்பவர்கள் உடுப்பியிலேயே இறங்கிவிடலாம். சுவர்ணா, சீதா ஆறுகள் கோடி பெங்கரையில் கடலோடு சேர்கின்றன. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் அலையடிக்கும் கடல், நடுவில் தென்னையும் வீடுகளுமாக ஒடுங்கிய ஒரு நிலம். இன்னும் வடக்கே சாலிகிராமத்தில் சீதா ஆற்றின் உப்பங்கழி. தெற்கே முல்கியில் சாம்பவி ஆறு. மூன்று இடத்திலும் வழிகாட்டியோடு கயாக் ஓட்டலாம். விடிகாலையில் கண்டல் மரங்களுக்கு இடையே உள்ள ஓடைகளில் நுழைந்தால் துடுப்பில் இருந்து சொட்டும் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் கேட்கும். மீன்கொத்தி பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து பார்க்கும். தண்ணீர் வற்றிய இடங்களில் மட்டி பொறுக்கும் பெண்களைப் பார்க்கலாம்.

இங்கே எல்லாம் ஓதத்தைப் பொறுத்தது. தண்ணீர் ஏறியிருக்கும்போதுதான் சிறு ஓடைகளுக்குள் நுழைய முடியும். வற்றினால் சேற்றில் தட்டும். அதனால் "காலை ஆறு மணி" என்று எல்லா நாளும் ஒரே நேரம் சொல்கிறவரைவிட, தேதி கேட்டு, ஓதம் பார்த்து நேரம் சொல்கிறவரை நம்புங்கள். அப்புறம், முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள் கூட்டிப் போகிறேன் என்று யாராவது ஆசை காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வற்றும் ஓதம் வெளியே பாய, வரும் அலை உள்ளே தள்ள, இரண்டும் மணல் திட்டின் மேல் மோதும் இடம் அது. பழகிய மீனவர்களே நேரம் பார்த்துத்தான் அதைக் கடப்பார்கள்.

மீன் பார்க்க உடுப்பி ஆகாது. ஆற்றுத் தண்ணீரில் மாஸ்க் போட்டால் பச்சையாகத் தெரியும், அவ்வளவுதான். மதியம் மல்பேயில் இருந்து செயின்ட் மேரீஸ் தீவுக்குப் போய், எரிமலைக் குழம்பு ஆறியதில் தூண் தூணாக உறைந்து நிற்கும் பாறைகளைப் பார்த்துவிட்டு வரலாம். மடகாஸ்கர் இந்தியாவை விட்டுப் பிரிந்த காலத்துப் பாறை என்கிறார்கள் நிலவியலாளர்கள். அங்கே தண்ணீரில் இறங்க மட்டும் வேண்டாம். பாறை கூர்மை.

வடகடல்: இரண்டும் ஒரே கரையில்

வடகடலில் மண்டபத்தில் இருந்து ராமேஸ்வரம் பக்கம் வரை, கரைக்கு இணையாக இருபத்தைந்து முப்பது கிலோமீட்டருக்குப் பவளப் பார், அதாவது பவளப்பாறைத் தொடர் ஒன்று ஓடுகிறது. கரையில் இருந்து சில நூறு மீட்டரிலேயே அது தொடங்கிவிடும். நேத்ராணியில் டீசல் படகில் ஒரு மணி நேரம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு, இங்கே துடுப்புப் போட்டே போய்விடலாம். கடலும் ஆழமில்லை, பல இடங்களில் வெகுதூரம் வரை இடுப்பளவு, மார்பளவுதான். மண்டபத்துக்கு மேற்கே அரியமான், பிரப்பன்வலசை பக்கத்துக் கரைகளில் நீர் விளையாட்டுப் பயிற்சி நடக்கிறது.

நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். முதலில் கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் பயிற்சி. மேலே உட்காரும் வகைக் கயாக்கைத்தான் கொடுப்பார்கள். கவிழ்ந்தாலும் உள்ளே மாட்டிக்கொள்ள மாட்டோம், வெளியே விழுவோம். விழுந்தபின் ஏறுவதுதான் பாடம். கயாக்கின் ஓரத்தைப் பிடித்து, காலை நன்றாக உதைத்து, குப்புற வயிற்றால் குறுக்கே ஏறிப் படுத்து, அப்புறம் புரண்டு உட்கார வேண்டும். எழுந்து நிற்கப் பார்த்தால் மறுபடி கவிழும். இந்தப் பயிற்சியைக் கொடுக்காமல் நேரே கடலுக்குள் அனுப்புகிறவரிடம் போகவே கூடாது. ஏனென்றால் பாருக்கு மேல் போனதும் நீங்கள் செய்யப் போவது இதைத்தான்: கயாக்கில் இருந்து வழுக்கி இறங்கி, மிதந்து பார்த்துவிட்டு, மறுபடி கயாக்கில் ஏறுவது.

இரட்டைக் கயாக்கில் முன்னால் இருப்பவர் துடுப்பின் தாளத்தைப் பிடிப்பார், பின்னால் இருப்பவர் திசையைப் பார்த்துக்கொள்வார். பலமானவர் பின்னால் உட்கார வேண்டும். போகிற வழியிலேயே குனிந்து பாருங்கள். கடற்புல் படுகைகள் தண்ணீருக்கடியில் சாய்ந்து சாய்ந்து ஆடும். நடுவில் கடல் அட்டை கருப்பாகக் கிடக்கும். அந்தப் புல்லைத்தான் கடற்பசு மேய்கிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். நாட்டிலேயே முதலாவது அதுதான். கடற்பசுவைக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது மனிதச் சத்தம் கேட்டால் விலகிப் போகிற உயிர், அதை அப்படியே விடுவதுதான் மரியாதை.

பாருக்குப் போனதும் நல்ல வழிகாட்டி பவளத்தின் மேல் நங்கூரம் போட மாட்டார். நடுவில் மணல் திட்டுத் தேடி, அங்கே இறக்கி, கயாக்குகளை ஒன்றோடொன்று கட்டிவிடுவார். பிறகு இரண்டு மூன்று பேராக இறக்குவார். தண்ணீர் ஆழமில்லாததால் கால் ஊன்றத் தோன்றும். கீழே இருப்பது உயிர். ஒரு மிதியில் உடைவது மறுபடி வளர ஆண்டுக்கணக்காகும். கடல் முள்ளெலியும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும், அதன் முள் காலில் ஏறினால் உங்கள் நாளும் அன்றோடு முடிந்தது. படுத்தபடி மிதப்பது ஒன்றே வழி.

நேத்ராணி அளவுக்குத் தெளிவை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. சில மீட்டர்தான் தெரியும், காற்றடித்த மறுநாள் அதுவும் குறையும். பவளமும் அடி வாங்கியிருக்கிறது. 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறி இந்தப் பகுதியில் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. பாறை போலத் திரண்ட பவளங்கள் தாக்குப்பிடிக்கின்றன, கிளை விடும் பவளங்கள் பல இடங்களில் இல்லை. செத்த திட்டும் உயிருள்ள திட்டும் அடுத்தடுத்துத் தெரியும். எனக்கு அதுவே போவதற்கு ஒரு காரணம். நம் ஊர்க் கடலுக்கு என்ன நடக்கிறது என்று பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: கரையில் ஒதுங்கிய செத்த பவளத்துண்டைக் கூட எடுத்து வரக் கூடாது. பவளமும் கடல் அட்டையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கிற அதே அட்டவணை.

இப்போது அந்த ஆபத்து. ஜூன் முதல் செப்டம்பர் வரை வடகடல் அமைதியாக இருப்பதற்குக் காரணம், காற்று நிலத்தில் இருந்து கடலை நோக்கி வீசுவது. கரையில் நின்று பார்த்தால் அலையே இல்லை. ஆனால் துடுப்பை நிறுத்தினால் கயாக் தானாகவே நடுக்கடலைப் பார்த்து நகரும். போகும்போது சுலபமாக இருக்கும். திரும்பும்போதுதான் கை ஓயும், அதற்குள் வெயிலும் காற்றும் ஏறியிருக்கும். இந்த மாதங்களில் போகிறவர்கள் காலை பத்து மணிக்குள் கரை திரும்பிவிட வேண்டும். கூடவே மோட்டார் படகு ஒன்று தயாராக இருக்கிறதா என்று கேட்க வேண்டும். மற்ற மாதங்களில், காற்று மிதமான நாளில் கூட, முதலில் காற்றை எதிர்த்துக் கூட்டிப் போகிறவரே விஷயம் தெரிந்த வழிகாட்டி. களைத்த பிறகு காற்று உங்களைத் தள்ளிக்கொண்டு கரை சேர்க்கும் மாதிரி அவர் வழி போடுவார்.

நீச்சலும் தெரியாது, கயாக்கிலும் பயம் என்கிறவர்களுக்கு இரண்டு வழிகள். தொண்டி பக்கத்தில் காரங்காடு என்ற மீனவக் கிராமத்தில் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து சூழல் சுற்றுலா நடத்துகிறார்கள். கண்டல் காட்டுக்குள் படகு, கயாக், ஆழமில்லாத இடத்தில் ஸ்நார்கெலிங் எல்லாம் உண்டு. ஊர்ப் பெண்கள் சமைத்துத் தரும் மீன் சாப்பாடும் நண்டு சூப்பும் சாப்பிடலாம். நாம் கொடுக்கிற பணம் அந்தக் கடலைக் காப்பாற்ற வேண்டிய ஊருக்கே போகிறது. இதற்காகவே நான் காரங்காட்டை முன்னால் வைப்பேன். இன்னொன்று, பாம்பன் தீவின் குந்துகாலில் இருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறைப் படகு. அது பார்க்கிற பயணம், நனைகிற பயணம் இல்லை. தனுஷ்கோடியில் மட்டும் யார் கூப்பிட்டாலும் கடலில் இறங்காதீர்கள். இரண்டு கடலும் சந்திக்கிற இடம், நீரோட்டம் இழுக்கும்.

தூரம் என்ன விலை?

பெங்களூரில் இருந்து மண்டபம் ஏறக்குறைய அறுநூறு கிலோமீட்டர். மடிவாளாவில் பேருந்து ஏறினால் பதினோரு பன்னிரண்டு மணி நேரம். இரவு எட்டு மணிக்குப் புறப்பட்டாலும் கடல் அமைதியாக இருக்கும் விடிகாலை நேரம் பேருந்திலேயே போய்விடும். எட்டு மணிக்கு இறங்கி, பல் தேய்த்து, ஒன்பதரைக்குக் கயாக்கில் உட்கார்ந்தால் காற்று எழும்ப ஆரம்பித்திருக்கும். அதனால் வடகடலை ஒரே பகலில் அடக்கப் பார்க்க வேண்டாம். வெள்ளி இரவு போய், சனிக்கிழமை ஓய்வெடுத்து, ஞாயிறு விடிகாலை கடலில் இறங்கி, அன்று மாலை பேருந்து ஏறுவதுதான் சரி. அல்லது வெள்ளி மதியம் விடுப்பு எடுக்க முடிந்தால், கன்டோன்மென்ட்டில் வந்தே பாரத் ஏறி இரவு மதுரையில் படுத்துவிட்டு விடிவதற்குள் மண்டபம் போகலாம். ஓர் இரவு அறை வாடகை கூடும்.

சனிக்கிழமை ராத்திரியே திரும்பியாக வேண்டும், ஞாயிறு வீட்டில் இருக்க வேண்டும் என்பவர்களுக்கு நேத்ராணியும் உடுப்பியும்தான். இதில் வடகடல் தோற்கிறது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

அப்பா அம்மா கூட வருகிறார்கள் என்றால் கணக்கு மாறும். ராமேஸ்வரத்தில் அவர்கள் 22 தீர்த்தங்களில் நீராடி ராமநாதசுவாமியைத் தரிசிக்கட்டும், நீங்கள் கடலுக்குப் போய் வரலாம். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபின் ரயிலும் மறுபடி ராமேஸ்வரம் வரை போகிறது. முருடேஸ்வரிலும் கோயில் உண்டு, கடலோரத்தில் உட்கார்ந்திருக்கும் பெரிய சிவன் சிலையும் உண்டு. ஆனால் அரைநாள் தாண்டிப் பெரியவர்களுக்கு அங்கே பொழுது போகாது.

மொழியையும் யோசிக்க வேண்டும். வாயில் குழாயைக் கடித்துக்கொண்டு, முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது பதற்றம் வந்தால், காதில் விழுகிற கட்டளை யோசிக்காமல் புரிய வேண்டும். பெங்களூரில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கன்னடம் தண்ணி பட்ட பாடு. உடுப்பியில் அவர்களுக்குக் கவலையில்லை. ஊரில் இருந்து வந்திருக்கிற சித்தியோ மாமாவோ முதல்முறை மாஸ்க் போடுகிறார்கள் என்றால், "அண்ணே, காலைத் தூக்குங்க, வாயால மூச்சு விடுங்க" என்று தமிழில் சொல்கிற ஆள் பக்கத்தில் இருப்பது பெரிய தைரியம்.

புதுச்சேரியை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். முந்நூறு கிலோமீட்டர்தான், மற்ற எல்லாவற்றையும் விடப் பக்கம். கயாக்குக்குக் கண்டல் கழிகள் இருக்கின்றன, நன்றாகவே இருக்கும். கரையில் அலை உடைந்து மணலைக் கலக்கிக்கொண்டே இருப்பதால் ஸ்நார்கெலிங்குக்குச் சரிப்படாது. ஸ்கூபாவுக்கு ஆழத்தில் போகிறவர்களுக்குத்தான் அந்தக் கடல்.

பணம் கட்டும் முன்

எந்தக் கரைக்குப் போனாலும் வழிகாட்டியிடம் கேட்க வேண்டியவை ஒன்றுதான். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? புதியவர்கள் நான்கைந்து பேருக்கு மேல் என்றால் வேண்டாம். உயிர்காப்புப் பயிற்சிச் சான்றிதழ் இருக்கிறதா? கோவாவில் உள்ள தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் தரும் சான்றிதழ் இருந்தால் நல்லது. லைஃப் ஜாக்கெட்டில் விசில் கட்டியிருக்கிறதா, தொடைக்கு நடுவில் போகும் பட்டை இருக்கிறதா? பட்டை இல்லாத ஜாக்கெட் தண்ணீரில் காது வரை ஏறிவிடும். காற்று சரியில்லை என்று ரத்து செய்தால் பணம் திரும்பத் தருவீர்களா? தருவேன் என்கிறவர் கடலைப் பார்த்து முடிவு எடுப்பார். தராதவருக்கு உங்களை எப்படியாவது இறக்கிவிட வேண்டிய கட்டாயம்.

வீடியோவுக்காகத் தண்ணீரில் ரொட்டி, பிஸ்கட் போட்டு மீன் கூட்டுகிற படகுகள் இருக்கின்றன. பார்க்க அழகாக இருக்கும். மீனுக்கு அது உணவே இல்லை, பாரின் இயல்பான வாழ்க்கையையும் கெடுக்கும். "மீனுக்குத் தீனி போடுவீர்களா?" என்று முன்னாலேயே கேட்டு, போடுவோம் என்றால் போகாதீர்கள். நாம் கேட்கக் கேட்கத்தான் இது நிற்கும்.

மீசை வைத்த ஆண்களுக்கு மாஸ்க் மூக்குக்குக் கீழே ஒழுகும். மீசையில் கொஞ்சம் வாஸ்லின் தடவினால் அடைபடும். பெண்களுக்கு முன்நெற்றி முடி ஒன்றிரண்டு மாஸ்க் ஓரத்தில் மாட்டினாலே போதும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் நிறையும். துணிப்பட்டை கட்டிக்கொண்டு மாட்டுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் பவர் உள்ள மாஸ்க் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். சன்ஸ்கிரீனை அப்பிக்கொள்வதைவிட முழுக்கைச் சட்டை போடுவது தோலுக்கும் பவளத்துக்கும் நல்லது.

கிளம்புவதற்கு முன் பெங்களூரிலேயே ஒரு ஒத்திகை பாருங்கள். உங்கள் அபார்ட்மென்ட் நீச்சல் குளம் போதும். இல்லாவிட்டால் பசவனகுடி நீர் விளையாட்டு மையம் இருக்கிறது. மாஸ்க் மாட்டி, குழாயைக் கடித்து, முகத்தைத் தண்ணீரில் வைத்து, பத்து நிமிடம் வாயால் மட்டும் மூச்சு விட்டுப் பழகினால் கடலில் வருகிற முதல் பதற்றம் வராது. துடுப்புக்குக் காவிரிக் கரையில் பீமேஸ்வரி முகாம் இருக்கிறது. ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தாலே தோள் எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துவிடும்.

வரும் டிசம்பருக்குத் திட்டம் போடுகிறவர்கள் நேத்ராணிக்குப் போங்கள். குடும்பத்தோடு, இரண்டும் வேண்டும் என்பவர்கள் உகாதி வரை பொறுங்கள். அந்த விடுமுறை வடகடல் அமைதியாக இருக்கிற நாட்களிலேயே வருகிறது. அந்த வாரம் மடிவாளாவில் பேருந்துக் கட்டணம் ஏறிவிடும். ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னால் திறக்கும். அன்று காலையே எடுத்துவிடுங்கள்.